அதிர்வது புரொப்பல்லர்தானா? – வாசகர் கேள்வி பதில்

சொந்த முயற்சியில் கட்டப்படும் சிறு விமானங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததைத் தொடர்ந்து வந்த கடிதங்களில், புரொப்பல்லர் குறித்தவற்றை மட்டும் இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. லேத் பட்டறையும் வெல்டிங் கடையும் படகு மெக்கானிக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பகுதியில் இப்படியோர் ஆசை முளைப்பதில் வியப்பொன்றும் இல்லை.

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்): ஐயா, நண்பர்கள் சிலர் சேர்ந்து இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டிவருகிறோம். 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 என்ஜினும், தரையில் நிறுத்தி பிட்ச்சை (பிளேடுகளின் சாய்வுக் கோணத்தை) மாற்றிக்கொள்ளக்கூடிய மூன்று பிளேடு கார்பன் புரொப்பல்லரும் பொருத்தியிருக்கிறோம். என்ஜின் 4,400 ஆர்.பி.எம்.-ஐ (நிமிடத்துக்கு 4,400 சுற்றுகளை) நெருங்கும்போது இருக்கையிலும் கால் மிதியிலும் கடுமையான அதிர்வு தெரிகிறது. புரொப்பல்லரை விற்றவரிடமே திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். விமானத்தில் எது அதிர்ந்தாலும் பழி முதலில் புரொப்பல்லர் மீதுதான் விழுகிறது. அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சுழல்வதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. எந்த வேகத்தில் அதிர்வு தொடங்குகிறது, எந்த வேகத்தில் உச்சத்தை எட்டுகிறது, அதற்கு மேல் போனால் அடங்குகிறதா என்பதைத்தான் நீங்கள் முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். எடைச் சமநிலை கெட்ட புரொப்பல்லர் தரும் உலுக்கல் விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். உங்கள் அதிர்வு 4,400-ஐ ஒட்டி எழுந்து 4,800-இல் அடங்கிவிடுகிறது என்றால், என்ஜினைத் தாங்கும் ரப்பர்களோ சட்டகமோ அந்தக் குறிப்பிட்ட வேகத்தில் ஒத்ததிர்வுக்கு உள்ளாகின்றன என்று பொருள். அந்த நிலையில் புரொப்பல்லர் சிறு தூண்டுதலை மட்டுமே தந்திருக்கும். வேகம் குறைவாக இருக்கையில் உலுக்கி, திராட்டிலை (என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) திறந்ததும் சீராகிவிடுகிற அதிர்வு வேறு வகை. இந்த என்ஜினில் இரண்டு கார்புரேட்டர்கள் ஆளுக்கு இரண்டு சிலிண்டர்களுக்கு எரிபொருள் கொடுப்பதால், இரண்டும் ஒரே அளவில் திறக்காவிட்டால் குறைந்த வேகத்தில்தான் அது மிகுதியாக உணரப்படும்.

அடுத்த சோதனைக்குச் செலவில்லை. ரோட்டாக்ஸ் 912-இன் இந்த வகையில் கியர் விகிதம் 2.43. ஆகவே என்ஜின் 4,400 சுற்றுகள் சுழலும்போது புரொப்பல்லர் சுமார் 1,811 சுற்றுகளே சுழல்கிறது. விநாடிக் கணக்கில் சொன்னால் புரொப்பல்லருக்கு 30, என்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கு 73, மூன்று பிளேடுகளும் ஒரு புள்ளியைக் கடக்கும் எண்ணிக்கை 90. கைப்பேசியில் உள்ள முடுக்கமானியைக் கொண்டு அதிர்வின் அலைவெண்ணைக் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன; கைப்பேசியை ஃபயர்வாலுக்கு (என்ஜினையும் இருக்கைப் பகுதியையும் பிரிக்கும் தடுப்புக்கு) பின்புறம் நாடாவால் இறுக ஒட்டி அளந்தால், உச்சம் 30-இல் நிற்கிறதா 73-இல் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. விநாடிக்கு 100 முறை மட்டுமே அளவெடுக்கும் கைப்பேசி, 50-க்கு மேற்பட்ட அலைவெண்ணைச் சரியாகக் காட்டாது. 73-இல் நிகழும் என்ஜின் அதிர்வு அதில் 27 என்று மடங்கித் தெரியக்கூடும். அதை 30 என்று எண்ணிக்கொண்டு ஒரு பாவமும் அறியாத புரொப்பல்லரைக் கழற்றுவதற்கு வெகுநேரம் ஆகாது. எனவே விநாடிக்கு 200 முறைக்கு மேல் அளவெடுக்கும் கருவியாகப் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

உச்சம் 30-இல்தான் இருக்கிறது என்று உறுதியானால், முதலில் ஸ்பின்னரை (புரொப்பல்லரின் நடுவை மூடியிருக்கும் கூம்பு வடிவ மூடியை) கழற்றிவிட்டு என்ஜினை ஓட்டிப் பாருங்கள். மையம் விலகிப் பொருந்திய ஸ்பின்னரும் விரிசல் விட்ட அதன் பின்தட்டும் உண்டாக்கும் அதிர்வை, புரொப்பல்லர் அதிர்விலிருந்து இருக்கையில் அமர்ந்திருப்பவரால் பிரித்தறிய முடியாது. அது காரணமில்லை என்றால் பிளேடுகளின் கோணத்தை அளக்க வேண்டும். மூன்று பிளேடுகளும் எடையில் ஒன்றாக இருந்து, கோணத்தில் ஒன்று மட்டும் அரை டிகிரி கூடியிருந்தால், அந்தப் பிளேடு மற்றவற்றைவிட அதிகமாக இழுக்கும். எடை வேறுபாட்டைப் போலவே அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை உலுக்கும். எத்தனை நுட்பமாக எடைச் சமநிலை செய்தாலும் இந்தக் கோளாறு தீராது.

அளக்கும் முறையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். டிஜிட்டல் கோணமானியை எடுத்துக்கொண்டு மூன்று பிளேடுகளுக்கும் நாம் போகக் கூடாது. பிளேடுதான் நம்மிடம் வர வேண்டும். விமானத்தின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹப்பின் (பிளேடுகள் பொருந்தும் நடுப்பகுதியின்) மையத்திலிருந்து தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் தொலைவில் ஒவ்வொரு பிளேடிலும் பென்சிலால் கோடிட்டு, ஒரு ஸ்டூலை உயரம் பார்த்து வைத்து, பிளேடு ஒவ்வொன்றையும் அதே கிடைமட்ட நிலைக்குக் கொண்டுவந்து அதே கோட்டில் கோணமானியை வைத்து அளவெடுங்கள். கியர்பாக்ஸில் உள்ள சிறு தளர்வு ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்குமாறு பிளேடை ஒரே திசையிலிருந்து கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மூன்று அளவுகளுக்கும் இடையே 0.2 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது. போல்ட்டை இறுக்கும்போது பிளேடு சற்றே திரும்பிவிடும் ஆதலால், இறுக்கி முடித்த பிறகு எடுக்கும் அளவே கணக்கில் கொள்ளத்தக்கது. இக்னிஷன் அணைந்திருக்கிறது, சாவி கையில் இருக்கிறது என்ற நிலையிலும், என்ஜின் எந்த நொடியும் உயிர் பெறும் என்றே எண்ணிக்கொண்டு பிளேடைத் தொடுங்கள். ரோட்டாக்ஸ் என்ஜினைப் பின்னோக்கிச் சுற்றுவதும் கூடாது. எண்ணெய்ப் பாதையில் காற்று புகுந்துவிடும்.

பிறகு நுனிகள் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பிளேடின் நுனியருகே அசையாத பலகை ஒன்றை நிறுத்திக் கோடு போட்டுவிட்டு மற்றவற்றை அங்கே கொண்டுவந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ஆறடி விட்டத்துக்குட்பட்ட உலோகப் புரொப்பல்லருக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டரும், மரத்துக்கு 3 மில்லிமீட்டரும் வழக்கமாக ஏற்கப்படும் எல்லைகள்; உங்கள் கார்பன் புரொப்பல்லருக்குத் தயாரிப்பாளர் தந்திருக்கும் எண்ணே எல்லை. இவை யாவும் சரியாக இருந்த பின்னரே எடைச் சமநிலைக்குப் போக வேண்டும். மையத்திலிருந்து 85 சென்டிமீட்டரில் 10 கிராம் கூடுதலாக இருந்தால், என்ஜின் 5,500-இல் ஓடும்போது அது ஏறத்தாழ 49 கிலோ விசையோடு ஹப்பை ஒரு பக்கம் இழுக்கும். பிளேடில் ஒட்டுவேலை செய்து பெயிண்ட் அடித்தவர்கள் இந்த எண்ணைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஓடும் நிலையில் கருவி வைத்துச் செய்யும் சமநிலைச் சோதனையில் அதிர்வின் வேகம் விநாடிக்கு 0.2 அங்குலத்துக்கு மேல் இருந்தால் திருத்தியே ஆக வேண்டும், 0.07-க்குக் கீழ் வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்பின்னரையும் கோணத்தையும் கார்புரேட்டரையும் ஒரே மாலையில் சரிசெய்துவிட்டு, அதிர்வு நின்றது எதனால் என்று கேட்டால் யாராலும் சொல்ல இயலாது.

கேள்வி (தண்டையார்பேட்டை பாலிடெக்னிக் மாணவர்): சுழற்சி வேகத்தை ஒளியால் அளக்கும் டாகோமீட்டர் ஒன்று வாங்கினோம். ஷெட்டுக்குள் எந்த வேகத்தில் ஓட்டினாலும் அடிக்கடி 3,000 ஆர்.பி.எம். என்றே காட்டுகிறது. கருவி பழுதா?

பதில்: பழுதில்லை, அது உங்கள் ட்யூப் லைட்டை அளந்துகொண்டிருக்கிறது. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் விளக்கு விநாடிக்கு 100 முறை, அதாவது நிமிடத்துக்கு 6,000 முறை மின்னுகிறது. கருவியை இரண்டு பிளேடுக்கு அமைத்திருந்தால் அது 3,000 என்றும், மூன்றுக்கு அமைத்திருந்தால் 2,000 என்றும் காட்டும். மலிவான எல்.இ.டி. விளக்குகளும் இதையே செய்யும். வெளியே வானத்தை நோக்கி அளவெடுங்கள். மாணவர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: விளக்கின் இந்த மினுக்கலையே விமானப் பலகையில் உள்ள ஆர்.பி.எம். மீட்டரைச் சரிபார்க்கும் கருவியாகவும் கொள்ளலாம். இரண்டு பிளேடு புரொப்பல்லர் சரியாக 3,000-இல் சுழலும்போது, ட்யூப் லைட் ஒளியில் அது நின்றுவிட்டதுபோல் கண்ணுக்குத் தெரியும். நின்றுவிட்டதென்று நம்பி அருகில் போய்விடாதீர்கள்.

கேள்வி (கொளத்தூர் வாசகர்): எங்கள் விமானத்தில் ஜபிரு 2200 என்ஜினும் இரண்டு பிளேடு மரப் புரொப்பல்லரும் உள்ளன. மழைக்காலம் முழுவதும் ஷெட்டிலேயே நின்றது. பங்குனியில் எடுத்துப் பார்த்தபோது ஹப் போல்ட்டுகள் ஸ்பானருக்கு எளிதாக இளகின. ஹப் தட்டுக்கு அருகே கருமையான பொடியும் இருந்தது. போல்ட்டுகளை முன்னைவிடக் கூடுதலாக இறுக்கினால் போதுமா?

பதில்: போதாது, அந்தக் கருமையான பொடி இல்லாதிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

மரப் புரொப்பல்லரைச் சுழற்றுவது போல்ட்டுகள்தாம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உலோகத் தட்டுக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள உராய்வுப் பிடியே என்ஜினின் முறுக்கு விசையை மரத்துக்குக் கடத்துகிறது. அந்தப் பிடி நழுவாதபடி அமுக்கிப் பிடிப்பதே போல்ட்டுகளின் வேலை. நான்கு சிலிண்டர் என்ஜின் சீரான முறுக்கைத் தருவதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஓர் உதை உதைக்கிறது. பிடி தளர்ந்தால் ஒவ்வோர் உதைக்கும் மரம் தட்டின்மேல் மயிரிழை அளவு நழுவித் தேய்கிறது, சூடாகிறது, கருகுகிறது. நீங்கள் கண்ட பொடி இவ்வாறு வந்ததாகவே இருக்க வேண்டும். அந்நிலைக்கு அப்பால் சுமை முழுவதும் போல்ட்டுகளின் தண்டுக்குப் போய், மரத்திலுள்ள துளைகள் நீள்வட்டமாகும். பிறகு போல்ட் ஒன்று முறியும். ஒன்று முறிந்தால் மற்றவை நெடுநேரம் தாங்கமாட்டா.

இந்தத் தளர்ச்சி வேனிலில் தெரியவந்தாலும், அதன் விதை ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே ஊன்றப்பட்டுவிடுகிறது. ஈரக்காற்றில் மரம் நீளவாட்டில் ஏறத்தாழ மாறுவதே இல்லை, குறுக்குவாட்டில் உப்பும். இரண்டு தட்டுகளுக்கிடையே போல்ட்டுகளால் பூட்டப்பட்ட ஹப், உப்ப இடமில்லாமல் தன் இழைகளையே நசுக்கிக்கொள்கிறது. பின்னர் மாசி, பங்குனியில் வெயில் ஏறி மரம் உலரும்போது, நசுங்கிய இழை பழைய பருமனுக்குத் திரும்பாமல் அதற்கும் கீழே சுருங்கிவிடுகிறது. 10 சென்டிமீட்டர் பருமனுள்ள ஹப்பில் மரத்தின் ஈரம் நான்கு சதவீதம் குறைந்தால், சுருக்கம் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை போகக்கூடும். ஓர் போல்ட் இறுக்கத்தில் நீளும் அளவு அதில் சிறு பங்கே என்பதால், பிடி மெதுவாகக் குறையாமல் ஒரேயடியாகப் போய்விடுகிறது. கடலை ஒட்டிய பகுதியில் இருப்பவர்கள் மழைக்குப் பின் ஒருமுறை, வெயில் முற்றியதும் ஒருமுறை எனப் பருவம் மாறும்போதெல்லாம் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். புதிதாகப் பொருத்திய மரப் புரொப்பல்லரை முதல் பறப்புக்குப் பின்னும், முதல் சில மணி நேரங்களுக்குள் மீண்டும் ஒருமுறையும் பார்ப்பது தனி.

இப்போது செய்ய வேண்டியது: புரொப்பல்லரை முழுவதுமாக இறக்கி, மரத்தின் பின்முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தட்டின் தடம் மட்டும் பளபளப்பாக இருந்தால் பிழைத்தீர்கள். கருகலோ, துளைகளின் ஓரத்தில் நீட்சியோ, துளையிலிருந்து இழையோடு ஓடும் நுண்விரிசலோ தெரிந்தால் அந்தப் புரொப்பல்லரின் ஆயுள் முடிந்தது. பசை ஊற்றித் துளையை அடைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர் யாரானாலும், அவரையே முதலில் அதில் பறந்து காட்டச் சொல்லுங்கள். போல்ட்டுகளையும் புதிதாக மாற்றுங்கள். புதிய புரொப்பல்லரைப் பூட்டும்போது எதிரெதிர் போல்ட்டுகளாக, சிறு சிறு படிகளில் இறுக்கி, தயாரிப்பாளர் தந்த அளவோடு நிறுத்துங்கள். பயத்தில் கூடுதலாக இறுக்கினால் மரம் நசுங்கி, அடுத்த வேனிலில் இதே கடிதத்தை மீண்டும் எழுத நேரும். நிறுத்திவைக்கும்போது பிளேடுகள் கிடைமட்டமாக இருக்கட்டும். செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ்ப் பிளேடில் இறங்கி, அது மட்டும் கனத்துப்போகும். நுனியில் பித்தளைத் தகடு போர்த்தியிருந்தால், அதில் நீர் வடிவதற்காக விடப்பட்ட சிறு துளைகள் பெயிண்டால் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி (காசிமேடு படகு மெக்கானிக்): விசைப்படகில் வலை சிக்கியோ கல்லில் மோதியோ புரொப்பல்லர் வளைந்தால், கழற்றிச் சூடுகாட்டித் தட்டி நிமிர்த்திவிடுவோம், ஆண்டுக்கணக்கில் ஓடும். நண்பர் ஒருவரின் விமானத்தில் அலுமினியப் புரொப்பல்லர் நுனி சற்று வளைந்திருக்கிறது. நானே நிமிர்த்திக் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை, ஆனால் இந்த வேலையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள படகுப் புரொப்பல்லர் 500 ஆர்.பி.எம்.-இல் சுழலும்போது, நுனியில் உள்ள ஒரு கிராம் உலோகம் சுமார் 110 கிராம் விசையோடு வெளியே இழுக்கிறது. 72 அங்குல விமானப் புரொப்பல்லர் 2,700-இல் சுழலும்போது, நுனியில் உள்ள அதே ஒரு கிராம் ஏழு கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அந்த நுனி விநாடிக்கு 258 மீட்டர் வேகத்தில், ஒலியின் வேகத்தில் முக்கால் பங்கில் போய்க்கொண்டிருக்கிறது. படகில் பயன்படும் வெண்கல உலோகம் வளைவதையும் நிமிர்வதையும் பொறுத்துக்கொள்ளும். விமான அலுமினியக் கலவை, வெப்பப் பதம் கொடுத்து வலுவேற்றப்பட்டது. சூடுகாட்டிய இடத்தில் அந்த வலு போய்விடும், சூடில்லாமல் தட்டினாலோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே தங்கிவிடும். படகில் ஒரு பிளேடு உடைந்தால் கரைக்கு இழுத்துவர இன்னொரு படகு வரும். விமானத்தில் நுனி ஒரு சாண் அளவு பறந்துபோனால், மிச்சமிருக்கும் சமநிலைக் கேடு என்ஜினையே தாங்கியிலிருந்து பிடுங்கிவிடக்கூடும்.

வளைந்த பிளேடை அனுமதி பெற்ற புரொப்பல்லர் பணிமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். வளைவின் அளவும் இடமும் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியிருந்தால் அவர்களும் கழித்துவிடுவார்கள். வளைந்தது எப்படி என்றும் நண்பரைக் கேளுங்கள். என்ஜின் ஓடும்போது எதன்மீதாவது பட்டிருந்தால், புரொப்பல்லரோடு கதை முடியாது. கிராங்க் ஷாஃப்ட் நேராக இருக்கிறதா, கியர்பாக்ஸ் இருந்தால் அதன் பற்கள் நலமா என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடிய பயனுள்ள வேலை ஒன்று இருக்கிறது. முன்விளிம்பில் ஜல்லி தெறித்து விழும் சிறு வெட்டுகளை விமானங்களில் அப்படியே விடுவதில்லை. தயாரிப்பாளர் அனுமதிக்கும் ஆழத்துக்குள் இருந்தால், மெல்லிய அரத்தால் பிளேடின் நீளவாட்டில் இழுத்து, கூர்மையான பள்ளத்தை ஆழமற்ற வழவழப்பான சரிவாக மாற்றி, பிறகு உப்புத்தாளால் மெருகேற்றுவார்கள். உலோகச் சோர்வு விரிசல் அத்தகைய கூர்முனையிலிருந்துதான் புறப்படுகிறது. எண்ணூர் முதல் ராயபுரம் வரை கடற்காற்றின் உப்பு உலோகத்தில் ஊசிக்குத்துப் போன்ற குழிகளை உண்டாக்குவதும் இதே ஆபத்தைத் தரும். ஓட்டி முடித்தவுடன் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவிவிட நண்பரைப் பழக்குங்கள். படகு என்ஜின் பராமரிப்பவருக்கு உப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (பெரம்பூர் வாசகர்): உரிய அனுமதியுடன் பறக்கும் எங்கள் விமானம் மார்கழியில் நன்றாக ஏறியது, சித்திரை வெயிலில் ஓடுதளத்தை விட்டு எழவே தயங்குகிறது. ஆனால் நின்ற நிலையில் முழு திராட்டிலில் ஆர்.பி.எம். இரண்டு பருவத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே என்ஜின் நலம், புரொப்பல்லர்தான் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்தோம். சரிதானா?

பதில்: சரியில்லை. 38 டிகிரி வெயிலில் கடல்மட்டக் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிட ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு. விமானத்தைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ 2,700 அடி உயரத்தில் உள்ள ஊரிலிருந்து கிளம்புவதற்குச் சமம். மெலிந்த காற்றால் என்ஜினின் திறன் குறைகிறது. அதே மெலிந்த காற்றால் புரொப்பல்லரைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்கும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைகிறது. இரண்டும் சேர்ந்து இறங்குவதால் ஆர்.பி.எம். மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது, இழுவிசையோ குறைந்துவிட்டிருக்கிறது. இறக்கைக்கும் காற்று மெலிந்திருப்பதால் எழுவதற்குக் கூடுதல் வேகம் வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் பறப்பதும் எடையைக் குறைப்பதும்தான் இதற்கு மருந்து.

புரொப்பல்லர் பொருத்தமானதா என்பதை, உயரம் மாறாமல் நேராகப் பறக்கும்போது முழு திராட்டிலில் கிடைக்கும் ஆர்.பி.எம். சொல்லும். அது என்ஜினின் உச்ச எல்லையைத் தாண்டத் துடித்தால் பிட்ச் குறைவு. எல்லைக்கு வெகு கீழே நின்றுவிட்டால் பிட்ச் அதிகம். தரையில் மாற்றக்கூடிய புரொப்பல்லரை ரோட்டாக்ஸ் என்ஜினில் ஒரு டிகிரி மாற்றினால், என்ஜின் வேகம் தோராயமாக 200 முதல் 300 சுற்றுகள் மாறும். ஆகவே அரை டிகிரிக்கு மேல் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். 5,800 என்பது ஐந்து நிமிடத்துக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்ட வேகம், தொடர்ந்து ஓட்டத்தக்கது 5,500 என்பதையும் மனத்தில் கொண்டு அமையுங்கள். ஏற்றத்துக்கும் வேகத்துக்கும் ஒருசேரச் சிறந்த நிலையான பிட்ச் கிடையாது. சென்னை வெயிலில், குறுகிய ஓடுதளத்தில் பறப்பவருக்கு ஏற்றத்தின் பக்கம் சாய்வதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி (வியாசர்பாடி தச்சர்): நல்ல பர்மா தேக்குக் கட்டை ஒன்று கைவசம் இருக்கிறது. அதில் புரொப்பல்லர் செதுக்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வீட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்குச் செய்யலாம். பறப்பதற்குத் தேக்கு ஏற்றதன்று. அதிலுள்ள எண்ணெய்ப்பசை, ஒட்டுப்பசை சரியாகப் பிடிப்பதைத் தடுக்கும். ஒற்றைக் கட்டையில் செதுக்குவதும் வழக்கமில்லை. ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் பருமனுள்ள பலகைகளை அடுக்கி ஒட்டிய கட்டையே வேண்டும். அப்போதுதான் ஒரு பலகையின் முறுக்கலை அடுத்த பலகை தடுக்கும். மேப்பிள், பர்ச், மஹோகனி, பீச் ஆகியவை இதற்குப் பழகிய மரங்கள். எல்லாப் பலகைகளும் ஒரே ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். இழை 15 அங்குல நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது. மேசை நாற்காலிக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை வெயிலிலும் இடையறாத சுமையிலும் மெல்ல நழுவும் ஆதலால் அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி (ராயபுரம் பள்ளி மாணவி): முதன்முதலில் விமானம் கட்டியவர்களுக்கும் புரொப்பல்லரில் இத்தனை தொல்லைகள் இருந்தனவா?

பதில்: பறப்பதற்கு முன்பே இருந்தன. ரைட் சகோதரர்கள் புரொப்பல்லரைக் காற்றைத் துளைக்கும் திருகாகக் கருதாமல் சுழலும் இறக்கையாகக் கருதிக் கணக்கிட்டார்கள்; எட்டரை அடி விட்டமுள்ள அவர்களுடைய மரப் புரொப்பல்லர்கள் திறனில் இன்றைக்கும் மெச்சத்தக்கவை. தொல்லை தந்தது அவற்றைச் சுழற்றிய தண்டு. 1903 நவம்பர் தொடக்கத்தில் என்ஜினை ஓட்டிப் பார்த்தபோது, அது சீராக எரியாமல் உலுக்கியதில் சங்கிலிச் சக்கரங்கள் தளர்ந்து குழல் வடிவத் தண்டுகள் சேதமடைந்தன. சீர்செய்து வந்த பின்னும் சக்கரங்கள் தளரவே, சைக்கிள் டயர் ஒட்டும் பசையை ஊற்றி இறுக்கினார்கள். அந்த மாத இறுதியில் தண்டு ஒன்றில் விரிசல் தெரிந்தது. ஆர்வில் ரைட் சொந்த ஊரான டேட்டன் நகருக்குத் திரும்பிப்போய், குழலுக்குப் பதில் முழு எஃகில் புதிய தண்டுகள் செய்துகொண்டு டிசம்பர் 11-இல் வந்து சேர்ந்தார். 17-ஆம் தேதி பறந்தார்கள். குற்றவாளி புரொப்பல்லர் அன்று, என்ஜினின் உதறல் என்பதைக் கவனித்தாயா, அம்மா? உன் ஊரிலும் இதற்கொரு தொடக்கம் உண்டு: 1910-இல் டி'ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல் முதலாளி, சிம்ப்சன் நிறுவனத்தார் கட்டித்தந்த விமானத்தை மெட்ராஸில் பறக்கவிட்டுக் காட்டினார்.

கேள்வி (கொருக்குப்பேட்டை வாசகர்): எங்கள் ஷெட் குறுகிய தெருவில் இருக்கிறது. விமானத்தின் வாலை மின்கம்பத்தில் கட்டிவிட்டு, இரவில் நடமாட்டம் இல்லாத நேரத்தில் புரொப்பல்லரைச் சோதித்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. 100 குதிரைத்திறன் என்ஜின் நின்ற நிலையில் 200 கிலோவை ஒட்டிய விசையோடு இழுக்கும்; மின்கம்பம் அதற்காக நடப்பட்டதன்று. ஒரு பிளேடு கழன்றால் அது சுழலும் தளத்தில் நேராகப் பாயும். உங்கள் தெருவில் அந்தத் தளத்தின் இருபுறமும் வீடுகள். சோதனையின் பயனும் பாதியாகிவிடும்: சுவரில் மோதித் திரும்பும் காற்று பிளேடுகளில் ஒழுங்கின்றிப் பாய்ந்து, இல்லாத அதிர்வைக் காட்டும், ஆர்.பி.எம். எண்ணும் நம்பத்தக்கதாக இராது. தெருவிலுள்ள மணலும் ஜல்லியும் உறிஞ்சப்பட்டு முன்விளிம்பைக் கடித்துவிடும்.

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளுக்கு உட்பட்டு, உரிமையாளரின் ஒப்புதலோடு கிடைக்கும் திறந்த மைதானத்துக்கோ விமானத்தளத்துக்கோ வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள். தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, காற்று வரும் திசைக்கு முகம் வைத்து, இரண்டு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, வாலைத் தரையில் அறைந்த முளைகளில் கட்டுங்கள். உள்ளே ஒருவர் அமர்ந்திருக்க, வெளியே நிற்பவர் தீயணைப்பானோடு புரொப்பல்லரின் தளத்துக்கு வெகு பின்னால், அமர்ந்திருப்பவரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். முதல் ஓட்டம் குறைந்த வேகத்தில் சில நிமிடங்களே. அணைத்துவிட்டு, ஹப் போல்ட்டுகளை மீண்டும் டார்க் ரெஞ்ச்சால் பார்த்த பின்னரே முழு திராட்டிலுக்குப் போங்கள்.